கப்பலில் சாப்பாடு ஃப்ரீ... அப்போ பில் எதுக்கு?

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களுக்குப் புதுச்சேரி கடல் பக்கம்தான். ஆனாலும் 'கார்டெலியா' சொகுசுக் கப்பலைப் பொறுத்தவரை புதுச்சேரி ஒரு நிறுத்தம் மட்டுமே; ஏற சென்னைக்குப் போகணும். 2022-ல் சூதாட்ட எதிர்ப்புக்கு நடுவே இங்கே அனுமதி கிடைக்கவில்லை. 2025 ஜூலையில் வந்தபோதும் 11 தளக் கப்பல் கடலிலேயே தள்ளி நிற்க, பயணிகள் படகில்தான் கரைக்கு வந்தார்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். மூன்று வேளையும் டிக்கெட்டிலேயே அடக்கம். பஃபேயில் சைவம், அசைவம், ஜெயின் உணவு எல்லாம் உண்டு. எத்தனை தடவை வேணும்னாலும் தட்டோடு போகலாம். மெயின் ரெஸ்டாரண்டில் இரவுச் சாப்பாடு கல்யாண வீடு மாதிரி பந்திக் கணக்கு. உங்க நேரத்தை விட்டால் பஃபேதான்.

மதுபானம், ஸ்பெஷல் ரெஸ்டாரண்ட், வைஃபை இதெல்லாம் தனி. அங்கே ரொக்கம் புழங்காது. அறைக் கதவைத் திறக்கும் கார்டையே நீட்டணும். சிக்கலே அதில்தான். யுபிஐ மாதிரி உடனே மெசேஜ் வராது, நடுக்கடலில் போனில் சிக்னலும் இருக்காது. நாலு ஜூஸ், ரெண்டு காக்டெயில்னு நீட்டிக்கொண்டே போனால் இறங்கும்போதுதான் மொத்தத் தொகை தெரியும். தினமும் ராத்திரி ரிசப்ஷனில் கணக்கு கேட்டுடுங்க, சொல்வாங்க.