பரண் பொக்கிஷங்கள் – 11: புது வர்ணம் வேண்டாமே!

புரட்டாசி பிறந்தால் பரணிலிருக்கும் மரப்பெட்டிகள் கீழே இறங்கும். சுற்றிவைத்த பழைய வேட்டித் துணியைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் தெரியும், கிருஷ்ணரின் புல்லாங்குழல் இரண்டாகியிருப்பதும், செட்டியாரம்மாவின் மூக்கு நுனி உதிர்ந்திருப்பதும், தசாவதார செட்டில் வாமனரின் குடை காணாமல் போயிருப்பதும். நவராத்திரிக்கு இன்னும் நாலே நாள். ஒரு டப்பா எனாமல் பெயின்ட், ஒரு டப்பா தங்க வர்ணம் வாங்கிவந்து ஒரே மாலையில் எல்லாவற்றையும் ‘பளபள’ என்று ஆக்கிவிடுகிறார்கள். உடைந்த பொம்மையை ஒட்டிவிடலாம். இப்படிப் பளபளப்பாக்கிய பொம்மையை மீட்பதுதான் பெரும்பாடு.

காரணம் எளிது. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவானாலும் பண்ருட்டியானாலும் மதுரை விளாச்சேரியானாலும், பொம்மைக்கு உருவம் தருவது அச்சு. ஒரே அச்சிலிருந்து எத்தனையோ மீனாட்சிகள் வருவார்கள். ஒரு மீனாட்சியை இன்னொரு மீனாட்சியிடமிருந்து பிரித்துக் காட்டுவது தூரிகை பிடித்த கைதான். புருவத்தின் வளைவு, புடவைக் கரையில் வைத்த புள்ளி, கன்னத்தில் இழைத்த இளஞ்சிவப்பு எல்லாம் அந்தக் கையின் வேலை. எனாமல் பூசினால் முதலில் காணாமல் போவது அதுதான்.

முதலில் என்ன பொருள் என்று பாருங்கள்

உடைந்த இடமே பாதி விவரத்தைச் சொல்லிவிடும். செங்கல் நிறம் தெரிந்தால் சுட்ட மண். சுண்ணாம்புக்கட்டி போல வெள்ளையாக உதிர்ந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். சாம்பல் நிறத்தில் நார் நாராகத் தெரிந்து, கையில் எடுக்கும்போது கனமே இல்லாமல் இருந்தால் காகிதக்கூழ். சுட்ட மண்ணைத் தவிர மற்ற இரண்டும் தண்ணீருக்குத் தாங்காதவை.

ஆந்திரத்திலிருந்து வந்த கொண்டபள்ளி பொம்மை வேறு ரகம். லேசான பொனிக்கி மரத்தில் தலை, கை, உடல் என்று தனித்தனியாகச் செதுக்கி, புளியங்கொட்டைப் பசையில் மரத்தூளைக் குழைத்து ஒட்டி, மேலே சுண்ணாம்பு பூசி வர்ணம் தீட்டியிருப்பார்கள். ஈரம் பட்டால் அந்த ஒட்டு இளகிவிடும். 2008-ல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையில் கவனிக்க வேண்டியது எடை. நாட்டியப் பெண்ணின் தலையும் உடலும் கம்பி முனையில் சமநிலையில் நிற்கின்றன. தலையில் கொஞ்சம் மாவு வைத்து அடைத்தால்கூட ஆட்டம் மாறிவிடும். மரப்பாச்சிக்கோ ஆகாதது சானிடைசரும் ஸ்பிரிட்டும். செம்மரத்தின் சிவப்புச் சாயம் ஆல்கஹாலில் கரையக்கூடியது. துடைக்கும் பஞ்சிலேயே நிறம் இறங்கிவிடும்.

அழுக்கு எடுப்பது எப்படி?

அறையை இருட்டாக்கி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வர்ணம் செதில் செதிலாக எழும்பியிருந்தால் அதன் நிழல் நீளமாக விழும். அந்த இடத்தில் துணியோ பிரஷ்ஷோ படக் கூடாது. மற்ற இடங்களில் மென்மையான வாட்டர்கலர் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தட்டினாலே பாதி அழுக்கு போய்விடும்.

ஒட்டிப்போன எண்ணெய்ப் பிசுக்குக்கு அருங்காட்சியகங்களில் ஒரு பழைய வைத்தியம் உண்டு: எச்சில். போர்ச்சுகலைச் சேர்ந்த பவுலா ரொமாவோவும் அவரது குழுவினரும் 18-ம் நூற்றாண்டுப் பொன்முலாம் சிற்பங்களில் இதைச் சோதித்து 1990-ல் கட்டுரை வெளியிட்டார்கள். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதிதான் அழுக்கைக் கரைக்கிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. 2018-ல் அந்த ஆய்வுக்கு ‘இக் நோபல்’ பரிசும் கிடைத்தது. ஆனால், கொலுவில் வைக்கும் சாமிக்கு எச்சிலை எந்த வீட்டிலும் ஒப்ப மாட்டார்கள். சுட்ட மண் பொம்மையானால் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சி போதும். முதுகுப் பக்கம் அடிப்பகுதியில் ஒரு கடுகளவு இடத்தில் துடைத்துப் பாருங்கள். பஞ்சில் அழுக்கு மட்டும் வந்தால் தொடரலாம்; நிறம் வந்தால் அதோடு நிறுத்திவிட வேண்டும்.

ஒட்டும் பசையும் ஒரு குடையும்

எபாக்சி பசை மண்ணைவிடக் கெட்டியானது. அடுத்த முறை பொம்மை விழுந்தால் ஒட்டின இடம் அப்படியே நிற்கும், பக்கத்திலிருக்கும் அசல் மண்தான் உடையும். அதனால்தான் அருங்காட்சியகங்களில் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினைப் பயன்படுத்துகிறார்கள். அசிடோனில் கரைத்துப் பூசலாம். வேண்டாமென்றால் அசிடோனாலேயே இளக்கி எடுக்கலாம். ஆனால், அசிடோன் பழைய வர்ணத்தையும் கரைத்துவிடக்கூடும் என்பதால் உடைந்த முகப்பைத் தாண்டி வழியவிடக் கூடாது. பள்ளத்தை அடைத்தால், அடைத்த இடத்துக்கு மட்டும் நிறம் கொடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே வேண்டாம். பழைய வர்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூள் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பறப்பது ஆபத்து.

வாமனரின் குடையைப் புதிதாகச் செய்யலாம். ஆனால், கையிலிருந்து கழற்றி எடுக்கும்படி செய்து, அடியில் ஆண்டைக் குறித்துவிட வேண்டும். நாளைக்கு அசல் குடை பெட்டியின் மூலையிலிருந்தே கிடைக்கலாம்.

புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஏறி இறங்குவது வழக்கம். அங்கே வாங்கினாலும் பாட்டியிடமிருந்து வந்தாலும், பொம்மையோடு அதன் கதையையும் வாங்கிக்கொள்ளுங்கள். டெல்லியில் 1965-ல் திறக்கப்பட்ட சங்கர் பன்னாட்டு பொம்மை அருங்காட்சியகத்துக்கு விதை, கார்ட்டூனிஸ்ட் சங்கருக்குக் கிடைத்த ஒரே ஒரு ஹங்கேரி பொம்மைதான். யார் கொடுத்தது, எந்த ஊர், யாருடைய கல்யாணச் சீரில் வந்தது என்பதை ஒரு சீட்டில் எழுதி, பொம்மையில் ஒட்டாமல் நூலால் கட்டிவையுங்கள்.

கொலு முடிந்து எடுத்துவைக்கும்போது செய்தித்தாள் வேண்டாம். அதன் அமிலமும் மையும் வர்ணத்தில் ஏறும். பிளாஸ்டிக் பை ஈரத்தைப் பூட்டிவைக்கும். வேட்டித் துணி நல்லதுதான், ஆனால் கஞ்சி போகத் துவைத்திருக்க வேண்டும். கஞ்சியைத் தேடித்தான் ராமபாணப் பூச்சி வரும்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய செல்லுலாய்டு பொம்மைகளைப் பற்றி அடுத்த வாரம். நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்த பொருள் அது. சட்டென்று தீப்பிடிக்கும், சிதையும்போது வெளிவரும் அமில ஆவி பக்கத்துப் பொம்மையையும் கெடுக்கும். உங்கள் பெட்டியில் அப்படி ஏதும் இருந்தால், இப்போதே தனியாக எடுத்து, காற்றுப் போகும் அட்டைப் பெட்டியில், விளக்குக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள்.

(தொடரும்)