வென்றபின் விலகிய தளபதி

தென் அமெரிக்காவின் பெரும்பகுதியை ஸ்பெயின் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் ஆட்சி செய்தது. அந்த ஆட்சிக்கு எதிராகப் போராடிய தலைவர்களுள் ஹோசே டி சான் மார்ட்டின் முதன்மையானவர்.

இவர் 1778ஆம் ஆண்டு, இன்றைய அர்ஜென்டினாவிலுள்ள யாப்பெயூ என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோருடன் ஸ்பெயினுக்குச் சென்று, பதினொரு வயதில் அந்நாட்டுப் படையில் சேர்ந்தார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே பணியாற்றினார். ஆயினும், தாயகத்தில் விடுதலைக் குரல் எழுந்ததும் பதவியைத் துறந்து, 1812இல் புவனோஸ் அயர்ஸ் நகருக்குத் திரும்பினார்.

அப்போது ஸ்பானியப் படையின் வலிமை பெருவில் குவிந்திருந்தது. நிலவழியே பெருவை அடைய முயன்ற அர்ஜென்டினப் படைகள் தோல்வியுற்றன. எனவே, சான் மார்ட்டின் வேறொரு திட்டம் தீட்டினார். ஆண்டீஸ் மலையைக் கடந்து சிலியை மீட்பது, பிறகு அங்கிருந்து கடல்வழியே பெருவை அடைவது என்பதே அத்திட்டம்.

1817 ஜனவரியில் ஏறத்தாழ 5,000 பேர் கொண்ட படை மலையேறத் தொடங்கியது. பகைவரைக் குழப்புவதற்காகப் படை பல பிரிவுகளாகப் பிரிந்து வெவ்வேறு கணவாய்களில் சென்றது. உயரத்தில் மூச்சுத் திணறலைச் சமாளிக்க வீரர்கள் பூண்டும் வெங்காயமும் உண்டனர். கடுங்குளிரில் ஆயிரக்கணக்கான கோவேறு கழுதைகள் மடிந்தன. எனினும், பிப்ரவரி 12ஆம் நாள் சாக்காபுக்கோ போரில் அப்படை வென்றது. சிலி மக்கள் ஆட்சிப் பொறுப்பை அளிக்க முன்வந்தபோது, சான் மார்ட்டின் அதை ஏற்கவில்லை.

1821 ஜூலை 28ஆம் நாள், லிமா நகரில் அவர் பெருவின் விடுதலையை அறிவித்தார். ஆனால், நாட்டின் உட்பகுதியில் ஸ்பானியப் படை இன்னும் வலுவாகவே இருந்தது. மறுஆண்டு, வடக்கிலிருந்து வென்று வந்த சிமோன் பொலிவாரைக் குவாயாகில் நகரில் அவர் தனிமையில் சந்தித்தார். இரு தலைவர்களும் ஒரே களத்தில் தலைமையேற்க இயலாது என்பதை உணர்ந்து, அவ்வாண்டே பதவி விலகினார். எஞ்சிய போரைப் பொலிவாரின் படை 1824இல் ஆயாகூச்சோவில் வென்று முடித்தது.

சான் மார்ட்டின் தம் மகளுடன் ஐரோப்பா சென்றார். 1829இல் அவர் கப்பலில் புவனோஸ் அயர்ஸ் வந்தபோது, அங்கே உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. சொந்த மக்களுக்கு எதிராக வாளெடுக்க விரும்பாத அவர், கரையிறங்காமலே திரும்பிவிட்டார். 1850இல் பிரான்சில் காலமானார். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகே அவரது உடல் தாயகம் வந்து சேர்ந்தது.

விடுதலை பெற்றுத் தருவதே தம் கடமை, ஆள்வதன்று எனக் கருதியவர் சான் மார்ட்டின். அதனால்தான் அர்ஜென்டினா, சிலி, பெரு ஆகிய மூன்று நாடுகளும் அவரை இன்றும் போற்றுகின்றன.