பாட்டில் மேல் பச்சை இலை

ஆவடி மார்க்கெட்டில் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் கேட்டால், பச்சை இலை படம் போட்ட பாட்டில் ஒன்றையும் எடுத்து வைக்கிறார்கள். 'தாவர மூலப்பொருள்' என்று போட்டிருக்கும். விலையும் கொஞ்சம் கூடுதல். அந்தக் கூடுதல் காசுக்கு ஆதாரம் கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம்.

லிக்விடில் நுரைக்காகச் சேர்க்கும், கெமிக்கல் கடைகளில் கிடைக்கும் ஆசிட் ஸ்லரி பெட்ரோலிய வழி வந்தது. அதற்கான மூலப்பொருளை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனம் தயாரிக்கிறது. ஆலைகளில் மிஞ்சுவதிலிருந்தும் நுரைப்பொருள் செய்யலாம். தவிட்டு எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது ஒதுங்கும் கொழுப்பு அமிலம் சோப்புக்குப் போகிறது. சர்க்கரை ஆலை மொலாசஸிலிருந்து வரும் ஆல்கஹாலைக் கொண்டு, உத்தராகண்டின் காசிப்பூரில் இந்தியா கிளைக்கால்ஸ் நிறுவனம் எத்திலீன் ஆக்சைடு தயாரிக்கிறது.

சிக்கல் இங்கேதான். ஷாம்புவிலும் லிக்விடிலும் இருக்கும் எஸ்.எல்.இ.எஸ். என்ற நுரைப்பொருளில் ஒரு பகுதி தேங்காய் அல்லது பனைவகை எண்ணெயிலிருந்து வருவது. மறுபகுதியான எத்திலீன் ஆக்சைடு பெரும்பாலும் பெட்ரோலியம். லேபிளில் இலை மட்டும்தான் தெரியும்!

மூலப்பொருளை மட்டும் வைத்து ஒன்றைச் சாது என்றும் நினைக்க வேண்டாம். 1950களில் ஐரோப்பிய ஆறுகளில் நுரை மிதந்ததற்குக் காரணம், கிளைவிட்ட மூலக்கூறுகளை நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியாததுதான். நேர்ச்சங்கிலி மூலக்கூறுக்கு மாறியதும் நுரை குறைந்தது. இரண்டுமே பெட்ரோலியச் சரக்கு! ஆக, எங்கிருந்து வந்தது என்பதோடு எப்படிச் சிதைகிறது என்பதையும் கேட்க வேண்டும். பருத்திப்பட்டு ஏரியில் கழிவுநீர் கலந்த காலத்தைப் பார்த்த ஆவடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, 'இயற்கை', 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்றெல்லாம் விளம்பரம் செய்பவர் அதற்கான ஆதாரத்தை வெளிப்படையாகக் காட்ட வேண்டும். பொய் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

பழைய தண்ணீர் பாட்டிலில் லூசாக விற்கும் லிக்விடைத் தவிர்ப்பது நல்லது. தயாரித்தவர் பெயரோ தேதியோ அதில் இருக்காது. குழந்தை தண்ணீரென்று குடித்துவிட்டால், உள்ளே என்ன இருந்தது என்று டாக்டரிடம் சொல்லவும் வழியில்லை. அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பில்லையும் லேபிளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். லேபிள் பொய் என்று தெரிந்தால், முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்யலாம். தீராவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் இங்கேயே கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது.