பரிசிலும் விலையும்: கார்ல் பொலானியின் பொருளியற் கொள்கை

சங்கச் செய்யுட்களிற் காணும் பரிசிலைப் புலவர் பாட்டுக்கு மன்னர் தந்த விலையென உரைப்பாரும் உளர். இக்காலச் சந்தை முறையினை எக்காலத்துக்கும் உரியதாகக் கொள்வதன் விளைவே இவ்வுரை. அக்கோளினை மறுத்தெழுந்த பொருளியற் கொள்கைகளுள் கார்ல் பொலானியின் கொள்கை இலக்கிய ஆராய்ச்சிக்குப் பெரிதும் துணையாவது. ஆதலின் அதனை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

பொலானி 1886இல் வியன்னாவிற் பிறந்து புடாபெசுட்டில் வளர்ந்தவர். நிலம், உழைப்பு, பணம் ஆகிய மூன்றும் விற்பதற்கென ஆக்கப்பட்டவை அல்ல. அவற்றை விற்பனைப் பண்டமெனக் கொண்டது வெறும் புனைவே என்று 1944இல் வெளிவந்த 'பெரும் மாற்றம்' என்னும் நூலில் அவர் வாதிட்டார். பிறருடன் சேர்ந்து 1957இல் வெளியிட்ட தொகுப்பில், பொருளியல் என்னும் சொல்லுக்கு இருவேறு கருத்துண்மையை எடுத்துக்காட்டினார். அருகிய பொருள் கொண்டு மிகுபயன் பெறுமாறு தேர்ந்து செயற்படுதல் ஒன்று. மக்கள் இயற்கையோடும் தம்முள்ளும் கூடி வாழ்வுக்கு வேண்டுவன பெறுதல் மற்றொன்று. முன்னையது சந்தை விலை ஆட்சி செய்யும் சமுதாயத்துக்கே முற்றும் பொருந்தும். பின்னையது எல்லாச் சமுதாயத்துக்கும் பொதுவாம்.

பண்டம் கைம்மாறும் நெறிகளை அவர் மூவகைப்படுத்தினார். ஒத்த நிலையினர் ஒருவர்க்கொருவர் கொடுத்துக் கொள்வது கைம்மாறு. நடுவிடம் ஒன்றிற் குவிந்து, அங்கிருந்து பலர்க்கும் செல்வது மறுபங்கீடு. விலை பேசி மாற்றிக்கொள்வது பரிமாற்றம். இவை மூன்றும் ஒரு சமுதாயத்தில் உடன் நிற்றலும் உண்டு. ஆதலின் இவற்றை வளர்ச்சிப் படிகளாகக் கொள்ளுதல் பிழை. திரோபிரியாந்துத் தீவினர் சங்கு வளைகளையும் சிப்பி மாலைகளையும் தம்முள் வழங்கிய முறையினை மாலினோவுசுக்கி 1922இல் விளக்கினார். அவ்வழக்கத்தினைப் பேரம் பேசும் பண்டமாற்றினின்று அம்மக்கள் பெயராலும் வேறுபடுத்தினர். பொலானி கைம்மாற்றுக்குக் காட்டும் சான்றுகளுள் இத்தீவினர் வாழ்வும் ஒன்று.

இவ்வேறுபாடு நம் தொகை நூல்களிலும் உண்டு. அகநானூற்று 140ஆம் பாட்டில் உமணர் மகள் உப்புக்கு ஈடாக நெல்லைக் கேட்டு விலை கூறிச் செல்கின்றாள், இது பரிமாற்றம். புறநானூற்று 208ஆம் பாட்டிலோ, அதியமான் தம்மை நேரிற் காணாது கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுக்கின்றார். தாம் வணிகம் கருதி வந்தவர் அல்லர் என்றும், சிறிதாயினும் தகுதியறிந்து கொடுப்பதே இனிது என்றும் கூறுகின்றார். விலையாயின் முகம் காணுதல் வேண்டுவதில்லை. பொருள் வந்துசேரின் போதும். பரிசிலுக்கோ காட்சியும் மதிப்பும் இன்றியமையாதன.

எனினும், பொலானியின் வகைப்பாட்டினை அவ்வாறே ஏற்றிப் பார்த்தல் ஒல்லாது. மன்னனும் புலவனும் ஒத்த நிலையினர் அல்லர். திறையும் பகைப்புலத்துக் கொள்ளையும் மன்னனிடம் குவிந்து பரிசிலாய்ப் பரவியமை மறுபங்கீட்டினையே நினைவூட்டும். பண்டைப் பாபிலோனில் சந்தையே இல்லையென அவர் கொண்ட முடிவினையும் பின்வந்த வரலாற்றறிஞர் பலர் மறுத்துள்ளனர். மதுரைக்காஞ்சியின் அங்காடிகளும் நம்மை எச்சரிப்பன.

ஆகவே முடிவினைக் கடன் கொள்ளாது, வினாவினை மட்டும் கொள்ளுதல் தகும். பரிசில், திறை, கொடை, விலை என்னும் சொற்களை அவை ஆளப்பட்ட இடந்தோறும் தனித்து ஆராய்ந்து, பொருள் யாரிடமிருந்து யார்க்கு எம்முறையிற் சென்றது என அறிந்த பின்னரே அவற்றுக்குப் பொருளியற் பெயரிடுதல் வேண்டும். அதற்கு முன் பரிசிலைக் கூலியென்பது, பெருஞ்சித்திரனார் மறுத்ததனையே அவர் மீது மீண்டும் சுமத்துவதாகும்.