கடலடி மண்ணில் ஒரு புல்வெளி

இங்கிலாந்து நாட்டின் தென்கிழக்குக் கரையில் டோவர் என்னும் துறைமுக நகர் உள்ளது. அதன் மேற்கே வெண்ணிறச் சுண்ணப்பாறைக் குன்றுகள் கடலை நோக்கி மதில்போல் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றுள் ஷேக்ஸ்பியர் குன்று என்பதன் அடியில் 30 ஹெக்டேர் பரப்புள்ள புல்வெளி ஒன்று விரிந்து கிடக்கிறது. அதன் பெயர் சாம்ஃபயர் ஹோ. அதன் பெரும்பகுதி 1980-ஆம் ஆண்டில் கடலாய் இருந்தது என்றால் நம்புவது அரிது.

இங்கிலாந்தையும் பிரான்சையும் இணைக்கக் கடலுக்கு அடியில் இருப்புப்பாதைச் சுரங்கம் அகழ்ந்தனர். 1994-ஆம் ஆண்டு மே திங்களில் அது திறக்கப்பெற்றது. அகழ அகழச் சுண்ணம் கலந்த களி மலைபோல் குவிந்தது. அதனை எங்கே கொட்டுவது? குன்றின் அடியில் கடலுக்குள் சுவர் எழுப்பி, உள்ளே அடைபட்ட நீர்ப்பரப்பை 49 இலட்சம் கன மீட்டர் களியால் தூர்த்தனர். கடலடி உயிர்கள் சில தம் இடத்தை இழந்தன என்பதும் உண்மையே.

1997 முதல் மக்கள் இங்கு உலவி வருகின்றனர். குன்றைக் குடைந்து அமைத்த வழியே இறங்கினால் இருள் விலகிக் கடல் தோன்றும். கடற்சுவரின்மேல் நடைபாதை செல்கிறது. கொந்தளிப்பு மிக்க நாள்களில் அலைகள் சுவரைத் தாண்டி விழும். அன்று அப்பாதையை அடைத்துவிடுவர். திரும்பி நோக்கினால் குன்று வானளாவ நிற்கும். அலை அரிப்பதனாலன்றோ சுண்ணக்குன்று வெண்மை மாறாதிருக்கிறது! அலை தீண்டாத இடங்களில் செடிகொடிகள் மெல்லப் படர்கின்றன.

சாம்ஃபயர் என்பது பாறையில் முளைக்கும் ஓர் உணவுப் பூண்டு. முற்காலத்தில் கயிற்றில் தொங்கியவாறு அதனைப் பறித்தனர். உயிரைப் பணயம் வைத்த அத்தொழிலை ஷேக்ஸ்பியர் தம் 'லியர் மன்னன்' நாடகத்தில் குறிப்பிடுகிறார். ஹோ என்பது கடலுள் நீண்ட நிலம்.

சத்தற்ற அக்களியில் காட்டுப்பூ விதைகளைத் தூவினர். செழுமையான மண்ணாயின் உயர்ந்த புற்கள் ஓங்கிச் சிறு பூண்டுகளை மறைத்துவிடும். இங்கோ வறுமையே துணையாயிற்று. விதைக்காத விருந்தாளியும் வந்தது. சிலந்தியை ஒத்த பூவையுடைய அரிய ஆர்க்கிட் செடி அது. தூள் போன்ற அதன் விதையைக் காற்றே சுமந்து வந்தது. அப்பூ ஒருவகைத் தேனீயின் பெண்ணை ஒத்த மணத்தைப் பரப்பி, ஆண் தேனீயை ஏமாற்றி மகரந்தத்தை ஏற்றி அனுப்புகிறது. புல் ஓங்காதிருக்க ஆடுகளை மேயவிடுகின்றனர். வசந்தத்தில் இங்கு வருவோர் நிலத்தைப் பார்த்தே நடத்தல் வேண்டும். அச்செடி பெரும்பாலும் ஒரு சாணுக்கு மேல் வளர்வதில்லை.