வளைந்து நிற்கும் பாலம் விழாதது ஏன்?

பெரியகுளத்தின் நடுவே வராக நதி ஓடுகிறது. ஒரு பக்கம் வடகரை. மறு பக்கம் தென்கரை. மேற்கு மலையில் மழை கொட்டினால், ஆற்றில் வெள்ளம் புரண்டு வரும். அப்போது இரு கரையையும் சேர்த்து வைப்பது பாலம்தான்.

பாலங்களில் பல வகை உண்டு. அவற்றில் வளைவுப் பாலம் பழமையான வகைகளில் ஒன்று. அந்தக் காலத்தில் அதைக் கல்லும் சுண்ணாம்பும் கொண்டே கட்டினார்கள். இரும்புக் கம்பி இல்லாமல் அது எப்படி நிற்கிறது?

வீட்டிலேயே பார்க்கலாம்

இரண்டு கனத்த புத்தகங்களைச் சற்று இடைவெளி விட்டு வையுங்கள். அவற்றின் மேல் ஒரு தபால் கார்டை வைத்து, நடுவில் நாணயங்களை அடுக்குங்கள். கார்டு தொய்ந்து விடும்.

இப்போது அதே கார்டை வில் போல வளைத்து, புத்தகங்களுக்கு இடையே நிறுத்துங்கள். உச்சியில் நாணயங்களை வையுங்கள். முன்னைவிட அதிகம் தாங்கும்! பிறகு ஒரு புத்தகத்தை மெல்ல நகர்த்துங்கள். வளைவு படுத்து விடும்.

ரகசியம் இதுதான். கல்லை அழுத்தினால் தாங்கும், இழுத்தால் உடையும். வளைவில் ஆப்புப் போலச் செதுக்கிய கற்கள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. பாரம் கல்லுக்குக் கல் கைமாறி, தூண்களுக்குப் போய்ச் சேருகிறது. கட்டும்போது அடியில் மரச்சாரம் இருக்கும். உச்சிக்கல் இறுகிய பிறகே சாரத்தைப் பிரிப்பார்கள்.

முதலியார் தந்த பாலம்

இதற்குச் சாட்சி திருநெல்வேலியில் நிற்கிறது. தாமிரபரணியின் மேல் 1843-ம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தப் பாலத்துக்குத் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தவர் சுலோசன முதலியார். லண்டன் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாகக் கொண்டு, 11 வளைவுகளுடன் கட்டினார்கள்.

1869-ல் வந்த பெருவெள்ளம் அதன் ஒரு பகுதியைச் சேதப்படுத்தியது. 1871-ல் பழுது பார்த்தார்கள். பிற்காலத்தில் அகலப்படுத்தினார்கள். முதலியார் பெயரால் அது இன்றும் வழங்குகிறது.

காலில்தான் உயிர்

வளைவுப் பாலத்துக்குப் பெரிய ஆபத்து மேலே ஓடும் வண்டியால் அல்ல. கீழே ஓடும் தண்ணீரால். வெள்ளம் தூணின் அடிமண்ணை அரிக்கும். அங்கே மணலையும் அள்ளினால் அரிப்பு எளிதாகி விடும். தூண் அசைந்தால், புத்தகம் நகர்ந்த கார்டின் கதிதான்!

அடுத்த முறை ஆறு வற்றும்போது, உங்கள் ஊர்ப் பாலத்தின் கீழே இறங்கிப் பாருங்கள். தூணடியில் பள்ளம் தெரிந்தால், உடனே அதிகாரிகளிடம் சொல்லுங்கள். மறு வெள்ளம் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.