இடுகாடும் விலக்கிடமும்: ‘பிளண்டர் த கிரேவ்ஸ்’ ஆயத்தச் சீட்டுக்கட்டை ஆடுதலும் மேம்படுத்தலும்

ஆய்வுச்சுருக்கம்

‘மேஜிக்: த கேதரிங்’ சீட்டாட்டத்தில் இறந்த உயிரிகளை மீட்டெடுத்து வெல்லும் முறைக்கெனவே அமைக்கப்பட்ட ஆயத்தக் கட்டுகள் உள்ளன. அவற்றுள் 2015ஆம் ஆண்டு வெளிவந்த ‘பிளண்டர் த கிரேவ்ஸ்’ என்னும் கட்டின் இயக்கத்தை இக்கட்டுரை விளக்குகிறது. இக்கட்டின் வலிமை மீண்டு வரும் பேருயிரிகளில் இல்லை, விலை குறைந்த சிற்றுயிரிகள் விரைவாகவும் மீண்டும் மீண்டும் இறப்பதிலேயே உள்ளது என்பதும், மேம்படுத்துவோர் பலர் இதற்கு நேர்மாறாகச் செயல்படுகின்றனர் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: சீட்டாட்டம், ஆயத்தக் கட்டு, இடுகாடு, விலக்கிடம், பலி, பட்டறிவுக் குறி

1. முன்னுரை

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த ‘மேஜிக்: த கேதரிங்’ 1993இல் வெளியானது. ஆடுவோர் ஒவ்வொருவரும் தாமே சேர்த்த சீட்டுகளைக் கொண்டு தமக்குரிய கட்டை அமைத்துக்கொள்வது இவ்வாட்டத்தின் இயல்பு. இதன் பல வடிவங்களுள் ஒன்று ‘கமாண்டர்’. இதில் பெரும்பாலும் நால்வர் ஆடுவர். ஒவ்வொருவருக்கும் 40 உயிர்ப்புள்ளிகள் உண்டு. கட்டில் 100 சீட்டுகள் இருக்கும். அடிப்படை நிலங்களைத் தவிர வேறெந்தச் சீட்டும் இருமுறை இடம்பெறலாகாது. அந்நூறில் ஒன்று தளபதி. தளபதியின் நிறங்களுக்கு உட்பட்ட சீட்டுகளையே மற்ற 99லும் சேர்க்கலாம்.

தொடக்க நிலையினர் வாங்கியவுடன் ஆடும் வகையில் நிறுவனமே அமைத்து விற்பது ஆயத்தக் கட்டு. கமாண்டர் வடிவத்துக்கான ஆயத்தக் கட்டுகள் 2011 முதல் வெளிவருகின்றன. 2015 நவம்பரில் வெளியான ஐந்து கட்டுகளுள் கறுப்பு, பச்சை ஆகிய இரு நிறங்களால் ஆனது ‘பிளண்டர் த கிரேவ்ஸ்’. இதன் தளபதி ‘மெரென் ஆஃப் கிளான் நெல் தோத்’.

2. கலைச்சொல் குறித்து

ஆட்டத்தில் அழிந்த உயிரியும் பயன்பட்டு முடிந்த மந்திரமும் சென்று சேரும் இடத்தைத் தமிழில் எவ்வாறு வழங்குவது என்னும் வினா முதலில் எழுகிறது. கல்லறை, மயானம், சுடுகாடு, இடுகாடு ஆகிய நான்கும் பொருந்துவனபோல் தோன்றும். ஆயின் தமிழ் சுடுதலையும் இடுதலையும் வேறுபடுத்திக் காண்கிறது. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையும் சுடுவோரையும் இடுவோரையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. சுட்டது சாம்பலாகிறது. இட்டது இட்ட இடத்தில் இருக்கிறது.

இவ்வேறுபாடு ஆட்டத்தின் விதிகளோடு பொருந்துகிறது. அழிந்த சீட்டுகள் முகம் மேலாக அடுக்கப்பட்டு அனைவரும் காணக் கிடக்கும் இடம் ஒன்று. அங்கிருந்து அவற்றை மீட்கப் பல வழிகள் உண்டு. இதுவே இடுகாடு. ஆட்டத்திலிருந்து அகற்றப்பட்ட சீட்டுகள் சேரும் மற்றோர் இடமும் உண்டு. அங்குச் சென்றவை மீள்வது அரிது. அதனை இக்கட்டுரை விலக்கிடம் எனச் சுட்டுகிறது. சுடுகாட்டை ஒத்த இடம் அதுவே.

இங்கு மரணம் என்பதும் இடம் சார்ந்த வரையறையே. களத்திலிருந்து இடுகாட்டுக்குச் சென்ற உயிரி மட்டுமே ‘இறந்தது’ எனக் கொள்ளப்படும். களத்திலிருந்து நேரே விலக்கிடம் சென்றது இறந்ததாகாது. பின்வரும் அனைத்துக்கும் இவ்வரையறையே அடிப்படை.

3. தளபதியின் இயக்கம்

மெரென் நான்கு மானா விலையுள்ள தளபதி. அவளுக்கு இரு திறன்கள் உண்டு. முதலாவது, நம் பக்கத்தில் வேறோர் உயிரி இறக்கும்போதெல்லாம் நமக்கு ஒரு பட்டறிவுக் குறி கிடைக்கும். இரண்டாவது, நம் முறையின் இறுதிக் கட்டத்தில் நம் இடுகாட்டிலுள்ள உயிரி ஒன்றைத் தெரிவுசெய்யலாம். அதன் மானா மதிப்பு நம் குறிகளின் எண்ணிக்கைக்கு மிகாததாயின் அது களத்துக்கு வரும்; மிகுமாயின் கைக்கு வரும்.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. குறிகள் ஆடுபவருக்கு உரியன, மெரெனுக்கு உரியன அல்ல. எனவே மெரென் வீழ்ந்து மீண்டும் வந்தாலும் முன்பு ஈட்டியவை குறைவதில்லை. ஆனால் அவள் களத்தில் இல்லாதபோது நிகழும் மரணங்களுக்குக் குறி கிடைப்பதில்லை. ஆகவே மெரெனை எப்போது இறக்குவது என்பதைவிட, அவள் இறங்கிய பின் எத்தனை உயிரிகளை விரைவாக இறக்கச் செய்ய இயலும் என்பதே பெரிய வினா.

4. ஓர் ஆட்டப் போக்கு

கட்டிலேயே உள்ள ‘சகுரா-டிரைப் எல்டர்’ என்னும் இரண்டு மானாச் சீட்டைக் கொண்டு இதனை விளக்கலாம். இவ்வுயிரியைப் பலியிட்டால் கட்டிலிருந்து ஓர் அடிப்படை நிலத்தைத் தேடிக் களத்தில் வைக்கலாம். ஒவ்வொரு முறையும் கையிலிருந்து ஒரு நிலம் இடப்படுகிறது எனக் கொள்வோம்.

இரண்டாம் முறையில் எல்டர் இறங்குகிறது. எதிரி தாக்கும்போது அதனைக் கொண்டு தடுத்து, தடுத்தபின் பலியிட்டு, ஒரு நிலம் பெறுகிறோம். மூன்றாம் முறையில் நான்கு நிலங்கள் இருப்பதால் மெரென் இறங்குகிறாள். குறி ஏதும் இல்லாததால் எல்டர் கைக்குத் திரும்புகிறது. நான்காம் முறையில் அதனை மீண்டும் இறக்கிப் பலியிட முதற்குறி கிடைக்கிறது. இரண்டு மதிப்புள்ள எல்டருக்கு ஒரு குறி போதாது என்பதால் இம்முறையும் கைக்கே வருகிறது. ஐந்தாம் முறையில் இரண்டாம் குறி கிடைத்ததும் எல்டர் நேரே களத்துக்கு மீள்கிறது. ஆறாம் முறை முதல் மானா ஏதும் செலவிடாமலே ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடுப்பு, ஒரு நிலம், ஒரு குறி என மூன்று பயன்கள் கிடைக்கின்றன.

‘ஷ்ரீக்மா’ இதனினும் நுட்பமானது. அதன் விலை ஐந்து மானா. ஆயின் இரண்டு மானா மட்டும் செலுத்தினால் அது களத்தில் நுழைந்து, கறுப்பு நிறமல்லாத ஓர் உயிரியை அழித்துவிட்டு, உடனே தானும் பலியாகிவிடும். மற்றக் கட்டுகளில் இது குறைவிலை அழிப்பு மட்டுமே. மெரென் கட்டில் அம்மரணம் ஒரு குறியைத் தந்து, மீட்கத்தக்க ஓர் உயிரியை இடுகாட்டிலும் வைக்கிறது.

5. மேம்படுத்துவோர் செய்யும் பிழை

இடுகாட்டிலிருந்து உயிரிகளை மீட்கும் கட்டு என்றதும் மீட்கத்தக்க மிகப் பெரிய உயிரி எது என்று தேடத் தோன்றுவது இயல்பு. இக்கட்டுரையாளர் முதன்முதலில் செய்த மாற்றமும் இதுவே: சிற்றுயிரிகள் பலவற்றை நீக்கி, ஏழு, எட்டு மானா விலையுள்ளவற்றைச் சேர்த்தார். அக்கட்டு மாற்றத்துக்கு முன் இருந்ததைவிட மெதுவாக ஆடியது. பேருயிரிகள் கையில் தேங்கின. இறப்பதற்கு ஏதும் இல்லாததால் குறிகள் சேரவில்லை.

இதன் காரணத்தை எண்களாலும் காட்டலாம். தொடக்கக் கை ஏழு சீட்டுகள். மூன்றாம் முறைக்குள் மேலும் மூன்று சேர்ந்து, நாம் காண்பவை பத்து. 99 சீட்டுகளுள் விலை குறைந்த, தம்மைத் தாமே பலியிடவல்ல உயிரிகள் 10 மட்டும் இருப்பின், அப்பத்தில் ஒன்றேனும் கிட்டும் வாய்ப்பு ஏறத்தாழ 67 விழுக்காடு. அவற்றை 20 ஆக்கினால் அது ஏறத்தாழ 91 விழுக்காடாகிறது. அதாவது மூன்று ஆட்டங்களுள் ஒன்றில் தடுமாறும் கட்டு, பதினொன்றில் ஒன்றில் மட்டுமே தடுமாறும் கட்டாகிறது. கட்டிலேயே உள்ள ‘டெராஸ்டோடான்’ போன்ற எட்டு மானாப் பேருயிரி ஒன்றைக் கூடுதலாகச் சேர்ப்பதால் இத்தகைய பயன் விளைவதில்லை.

6. மாற்றும் முறை

ஒரு சீட்டைச் சேர்க்கும் முன் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளலாம். அது எதனால் இறக்கும்? நுழையும்போதோ இறக்கும்போதோ என்ன தரும்? எத்தனை குறிகளில் திரும்பும்? மூன்றுக்கும் நல்ல விடை தராத உயிரி, தனித்து நோக்க எவ்வளவு வலியதாயினும், இக்கட்டுக்கு உரியதன்று.

(அ) தாமே இறப்பவை: ‘ஸ்போர் ஃபிராக்’ ஒரு மானா விலையுள்ளது. பலியிட்டால் அம்முறையின் போர்ச்சேதம் முழுவதையும் தடுக்கும். ஒரு குறி இருந்தாலே களத்துக்கு மீளும்.

(ஆ) பிறவற்றை இறக்கச் செய்பவை: கட்டிலுள்ள ‘ஃபைரெக்சியன் பிளேக்லார்ட்’ பலியிட வழி தருகிறது, ஆயின் அதன் விலை ஐந்து மானா. ‘விசெரா சியர்’ போன்ற ஒரு மானாச் சீட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது நலம்.

(இ) இடுகாட்டை நிரப்புபவை: ‘சாட்டிர் வேஃபைண்டர்’ கட்டிலேயே உள்ளது. ‘பரீட் அலைவ்’ நாம் விரும்பும் மூன்று உயிரிகளை நேரே இடுகாட்டில் வைக்கும்.

(ஈ) மீட்பவை: மெரெனை மட்டும் நம்புதல் தகாது. கட்டிலுள்ள ‘எட்டர்னல் விட்னெஸ்’, ‘விக்டிமைஸ்’ ஆகிய இரண்டையும் எந்த மேம்பாட்டிலும் நீக்கலாகாது.

ஒரே நேரத்தில் பத்துக்கு மேற்பட்ட சீட்டுகளை மாற்றாதிருத்தல் நன்று. அதற்கு மேல் மாற்றினால் எந்த மாற்றம் எவ்விளைவைத் தந்தது என அறிய இயலாது.

7. விலக்கிடம் என்னும் இடர்

இடுகாடு அனைவர் கண்ணுக்கும் புலனாவது. நாம் எதனைச் சேமிக்கிறோம் என்பதை எதிரிகள் அறிவர். ‘போஜுகா பாக்’ என்னும் நிலம் களத்தில் நுழையும்போதே ஒருவரது இடுகாடு முழுவதையும் விலக்கிடத்துக்கு அனுப்பும். ‘ரெஸ்ட் இன் பீஸ்’ இரண்டு மானா விலையுடையது. அது களத்தில் உள்ளவரை எச்சீட்டும் இடுகாட்டை அடையாது. அப்போது நம் உயிரிகள் எவையும் இறப்பதில்லை. எனவே குறிகளும் கிடைப்பதில்லை.

முதலாவதற்கு மாற்று அடக்கம்: தேவைக்கு மேல் இடுகாட்டை நிரப்பாதிருத்தல். இரண்டாவதற்கு மாற்று, அதனை அழிக்கவல்ல உயிரிகள். கட்டிலுள்ள ‘ஆசிடிக் ஸ்லைம்’ ஐந்து மானாவுக்கு அதனைச் செய்யும். ‘காஸ்டிக் கேட்டர்பில்லர்’ ஒரு மானாவில் இறங்கி, பின்னர் இரண்டு மானா செலுத்திப் பலியிட்டால் அதனையே செய்யும். மற்ற வேளைகளில் குறி ஈட்டும் சிற்றுயிரியாகவும் பயன்படும்.

8. மேம்பாட்டின் எல்லை

‘ஃபிளெஷ்பாக் மராடர்’ என்னும் மூன்று மானா உயிரி நுழையும்போது ஆடுவோர் ஒவ்வொருவரும் தத்தம் உயிரிகளுள் ஒன்றைப் பலியிட வேண்டும். நாம் அம்மராடரையே பலியிடலாம். மூன்று குறிகள் இருந்தால் அது ஒவ்வொரு முறையும் மீளும். எதிரிகள் ஒவ்வொரு முறையும் ஓர் உயிரியை இழப்பர். இக்கட்டுரையாளர் இச்சீட்டைச் சேர்த்து நண்பர் மூவருடன் ஆடியபோது, அன்று முதன்முறையாக ஆயத்தக் கட்டுடன் அமர்ந்த நண்பர் ஒருவர் ஏறத்தாழ ஒரு மணிநேரம் களத்தில் ஓர் உயிரியும் நிலைக்கப் பெறாமல் இருந்தார். ஆட்டத்தை வென்றது இக்கட்டுரையாளரே. அந்நண்பர் அடுத்த ஆட்டத்துக்கு அமரவில்லை.

கமாண்டர் வடிவத்தில் பரிசுக்காக ஆடுவோரைவிடப் பொழுதுபோக்காகக் கூடி ஆடுவோரே மிகுதி. அங்குக் கட்டின் வலிமையை அதனோடு ஆடும் மற்ற மூன்று கட்டுகளை வைத்தே அளவிட வேண்டும். மராடரை நீக்கிய பின்னரும் இக்கட்டு வெல்கிறது; சற்றுத் தாமதமாக வெல்கிறது.

9. முடிவுரை

‘பிளண்டர் த கிரேவ்ஸ்’ கட்டில் பட்டறிவுக் குறிகளும் மீட்பும் மரணத்தின் எண்ணிக்கையைச் சார்ந்தே இயங்குகின்றன. ஆகவே மேம்பாடு விலை குறைந்த உயிரிகளின் எண்ணிக்கையை உயர்த்துவதில் தொடங்கி, பலியிடும் வழிகளை மலிவாக்கி, விலக்கிடத்துக்கு எதிரான காப்பைச் சேர்த்து அமைதல் வேண்டும். பேருயிரிகள் இரண்டு மூன்று போதும். இறுதியில் ஆட்டத்தை முடித்துவைப்பவை அவையே. ஆயின் அவற்றைக் களத்துக்குக் கொணர்பவை பலமுறை இறந்து மீண்ட எல்டர் போன்ற சிற்றுயிரிகளே.